கோடை வெயிலும் கூரை வீடும்



குடும்ப நலம் என்று சொன்னால் உங்களில் பலருக்குச் சிவப்பு முக்கோணம்தான் ஞாபகத்துக்கு வரும். "நர்ஸம்மா வந்துட்டாங்க, ஆபரேஷன் பத்திதான் பேசுவாங்க" என்று போன கூட்டத்தில் ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே போய்விட்டார். இன்றைக்கு அவர் இருந்திருக்கலாம். இன்று நான் பேச வந்தது வெயிலைப் பற்றியும் தீயைப் பற்றியும்தான். பிள்ளை ஒன்றோ இரண்டோ, பெற்ற பிள்ளையைச் சித்திரை வைகாசியில் பத்திரமாகக் காப்பாற்றி வைப்பதும் குடும்ப நலம்தானே?

நம்ம பெரம்பலூரும் அரியலூரும் முன்பு திருச்சி மாவட்டத்தோடு இருந்தவை. 1995ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் ஒரு தடவை பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் இரண்டானாலும் வெயில் ஒன்றுதான். நமக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில். தை பிறந்த பிறகு சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆக நாலு ஐந்து மாதம் தொடர்ச்சியாகக் காய்கிறது. மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் கத்திரி பிறக்கும்போது புல்லு, சருகு, சோளத்தட்டை, பருத்திமார், கூரைக்கீற்று எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும். 104 டிகிரி பாரன்ஹீட், அதாவது 40 செல்சியஸை ஒட்டியும் அதைத் தாண்டியும் வெயில் அடிக்கும். அதோடு காற்றும் சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

சில வருஷத்துக்கு முன்னால் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு காட்டுக்கொட்டாய்க்குப் போயிருந்தேன். அங்கே நடந்ததைச் சொல்கிறேன். பேர் ஊர் வேண்டாம். புருஷன் பொண்டாட்டி இருவரும் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். எட்டு மாதக் குழந்தை தூளியில் தூங்குகிறது. அப்பாயி வீட்டில் இருக்கிறார். காலையில் விறகடுப்பில் கஞ்சி வைத்து இறக்கினார். அடுப்புச் சாம்பலை அள்ளி, வழக்கம்போல ஒரு கை தண்ணீர் தெளித்து, வீட்டுக்குப் பின்னால் குப்பைமேட்டில் கொட்டினார். மேலே சாம்பல் நனைந்துவிட்டது, உள்ளே கங்கு உயிரோடு இருந்தது. மத்தியானம் ஒரு மணிக்குக் காற்று கிளம்பியது. குப்பை புகைந்து, பக்கத்தில் சுவரோடு சாத்தி வைத்திருந்த பருத்திமார்க் கட்டில் பிடித்து, அங்கிருந்து கூரைக்கு ஏறிவிட்டது.

அப்பாயி கெட்டிக்காரி. தூளியைக் குழந்தையோடு சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டார். கத்தின கத்தலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. காட்டிலிருந்து தாயும் ஓடி வந்தாள். குழந்தையைப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது. அதோடு நின்றிருக்க வேண்டும். "ஐயோ, பொட்டி!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு எரிகிற வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். புருஷன் பின்னாலேயே போய்த் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். இரண்டு கையும் முதுகும் வெந்துபோயிற்று.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் மனசு ஆறாதது. கூடியிருந்தவர்கள் எல்லாருமே நல்லவர்கள், உதவிதான் செய்தார்கள். ஒருவர் பேனா மையை ஊற்றினார். ஒரு அம்மா ஓடிப்போய் இட்லி மாவைக் கொண்டுவந்து கை முழுக்க அப்பினார். கையில் கண்ணாடி வளையல், விரலில் மோதிரம், ஒன்றையும் கழற்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கை வீங்கி மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. காய்ந்து ஒட்டிப்போன மாவை எடுக்கவே டாக்டருக்கு நேரமாகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதம் அவளால் குழந்தையைத் தூக்கிப் பால் கொடுக்க முடியவில்லை. அப்பாயி குழந்தையை மடியில் பிடித்துக் கொடுப்பார், இவள் குனிந்து பால் கொடுப்பாள். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் இன்றும் நிமிரவில்லை.

"பொட்டியில என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். சீட்டுப் பணம் கொஞ்சம், குடும்ப அட்டை, கர்ப்ப காலத்தில் நாங்கள் கொடுத்த மகப்பேறு அட்டை. "அந்த பிக்மி நம்பர் இல்லேன்னா பொறப்புச் சான்றிதழ் தரமாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க நர்ஸம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சொன்னது உண்மைதான். ஆனால் அந்த எண் எங்கள் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது என்பதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆகையால் இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன். மகப்பேறு அட்டை எரிந்துபோனால் துணை சுகாதார நிலையத்துக்கு வாருங்கள், எண்ணை எடுத்துத் தருகிறோம். குடும்ப அட்டை, ஆதார், பட்டா எல்லாவற்றுக்கும் நகல் வாங்கலாம், கொஞ்சம் அலைச்சல் இருக்கும், அவ்வளவுதான். பணம் போனால் போனதுதான், அதை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எரிகிற கூரைக்குள் திரும்பப் போய் எடுக்க வேண்டிய சாமான் ஒரு வீட்டிலும் கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் இன்று ராத்திரியே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை வாசல் பக்கமாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கூரை பிடித்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? வாளியைத் தேடுகிற நேரம்கூட இல்லை. கீற்றுக் கூரை தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை நம்மைச் சுற்றியுள்ள ஊர்களே பார்த்திருக்கின்றன. 1997 ஜூனில் தஞ்சாவூர் பெரிய கோயில் குடமுழுக்கு யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து, தீயிலும் நெரிசலிலும் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல் போட்ட கீற்றுக்கொட்டகை எரிந்து, மாப்பிள்ளை உள்பட 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருஷம் ஜூலை 16ஆம் தேதி, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கும்பகோணத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல் கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அந்தச் செய்தி வந்த நாளில் அரியலூர்ப் பக்கம் எத்தனையோ வீட்டில் சாயங்காலம் அடுப்பு மூட்டவில்லை. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கூரைக்கொட்டகையே கூடாது என்று அரசாங்கம் கண்டிப்பாக நின்றது. பள்ளிக்கூடத்துக்கு ஆகாதது நம் வீட்டுக்கு மட்டும் ஆகுமா என்று கேட்காதீர்கள். வசதி இருந்தால் யாரும் கீற்றுக்குக் கீழே படுக்கமாட்டார்கள், அது எனக்கும் தெரியும். குடிசை வீடுகளைக் கான்கிரீட் வீடாக மாற்ற 2024ல் தமிழக அரசு கலைஞர் கனவு இல்லம் என்ற திட்டத்தை அறிவித்தது. வீட்டுத் திட்டங்களில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு வருகிறவரை கூரைக்குக் கீழேதான் இருக்கப் போகிறோம் என்றால், இருக்கிற விதத்தில் ஜாக்கிரதையாக இருப்போம்.

முதல் ஜாக்கிரதை சாம்பல்தான். ஒரு கை தண்ணீர் தெளிப்பது போதாது. குழம்பு மாதிரி ஆகிறவரை தண்ணீர் ஊற்றிக் கிளறி, அப்புறம் கொட்டுங்கள். தண்ணீர் கஷ்டம் என்றால் ஒரு பழைய இரும்புச் சட்டியில் போட்டு மூடி ஒரு நாள் வைத்துவிட்டு, மறுநாள் கொட்டுங்கள். விறகு, பருத்திமார், சோளத்தட்டை, கரும்புச் சோகை எதையும் சுவரோடு சாத்தாதீர்கள். வைக்கோல் போர் வீட்டைவிட்டு எட்டி இருக்கட்டும். மேலே மின்சாரக் கம்பி போகிற இடத்தில் போர் போடவே கூடாது. வைக்கோலும் கடலைக்கொடியும் ஏற்றிய டிராக்டர் தாழ்ந்த கம்பியில் உரசித் தீப்பிடிப்பது ஒவ்வொரு கோடையிலும் எங்காவது நடக்கிறது. ஈரமாகப் போட்ட போர் தன் சூட்டிலேயே உள்ளுக்குள் புகைய ஆரம்பிக்கும் என்பது உங்களில் மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பீடியை எங்கே வீசுகிறோம் என்று பார்த்து வீசுங்கள். வீசாமலே இருந்தால், அதாவது பிடிக்காமலே இருந்தால், நுரையீரலுக்கும் நல்லது, கூரைக்கும் நல்லது. அதைப் பற்றி வேறொரு நாள் பேசிக்கொள்வோம், இப்போதே சில பேர் தலையைக் குனிகிறீர்கள்.

தீப்பெட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கொசுவத்திச் சுருளைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள், ஒரு தட்டில் மணல் போட்டு அதன்மேல் வையுங்கள். மின்சார ஒயர் கீற்றைத் தொட்டுக்கொண்டு போனால் குழாய் போட்டு மாற்றிவிடுங்கள். செல்போனைத் தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். மாட்டுக்கொட்டகையில் கயிற்றை உருவுசுருக்காகப் போடுங்கள், இழுத்தவுடன் அவிழ வேண்டும். கொட்டகைத் தூணில் ஒரு அரிவாளும் தொங்கட்டும். தீயில் மாடு மிரண்டால் யாரும் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது.

இப்போது அநேகமாக எல்லா வீட்டிலும் கேஸ் வந்துவிட்டது. ஆனாலும் விறகடுப்பை யாரும் விடவில்லை. சோறு இதில், குழம்பு அதில், வெந்நீர் அதில். தப்பில்லை, ஆனால் இரண்டும் ஒரே அறையில் அடுத்தடுத்து இருக்கக்கூடாது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு சிலிண்டருக்கு மேல் மட்டத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், எலி கடித்திருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். ராத்திரி படுக்கும்போது ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவி நிற்கும். வாசனை வந்தால் விளக்கு சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, சுவிட்சில் வருகிற சின்னப் பொறியே போதும். கதவைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, சிலிண்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

சமையல் செய்யும்போது நைலான், பாலியஸ்டர் வேண்டாம். அது எரியும்போதே உருகும். உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திச் சேலையைக் கட்டி முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். இதைக் கூட்டத்தில் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லாமல் போக மனசு வரவில்லை. தீக்காயத்தோடு வருகிற பெண்ணைக் கேட்டால் "அடுப்பு வெடிச்சிடுச்சு" என்றுதான் பதில் வரும். எல்லா நேரமும் அடுப்பு வெடிப்பதில்லை என்று எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வீட்டில் சண்டை, குடி, சந்தேகம், வரதட்சிணைப் பேச்சு என்று மனசு கொதிக்கிற நாளில் யாரும் தனியாகக் கிடக்க வேண்டாம். 181 என்பது பெண்களுக்கான உதவி எண், காசு இல்லாமல் எந்த நேரமும் பேசலாம். 104க்குப் போட்டாலும் மனநல ஆலோசனை சொல்வார்கள். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் "அது அவங்க குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். போய்க் கூப்பிடுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கிற சாக்கிலாவது போய் நில்லுங்கள்.

சரி, தீ பிடித்தேவிட்டது. துணியில் பிடித்துக்கொண்டால் ஓடக்கூடாது. ஓடினால் காற்று விசிறிவிடும். நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். பக்கத்தில் இருக்கிறவர்கள் சாக்கையோ கம்பளியையோ போட்டுச் சுற்றி அணையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இதை விளையாட்டு மாதிரி இரண்டு தடவை செய்து காட்டுங்கள், மறக்காது. வீடு முழுக்கப் புகை என்றால் குனிந்து, தரையோடு தவழ்ந்து வெளியே வாருங்கள். அப்புறம் 101 அல்லது 112. நிலையத்திலிருந்து வண்டி வந்து சேர நேரம் ஆகும். ஆகவே முதல் போன் முதல் நிமிஷத்திலேயே போக வேண்டும், முழுக்க எரிந்த பிறகு அல்ல.

வெந்த இடத்துக்கு மருந்து என்ன தெரியுமா? தண்ணீர். வெறும் பச்சைத் தண்ணீர். குழாயடியிலோ, மோட்டாரடியிலோ, செம்பால் மொண்டோ, 20 நிமிஷம் விடாமல் ஊற்ற வேண்டும். கோடையில் வெயிலில் கிடக்கிற குழாயில் முதலில் வருகிற தண்ணீர் கொதிக்கும், அதைக் கீழே விட்டுவிட்டு, பானைத் தண்ணீரையோ தொட்டித் தண்ணீரையோ எடுங்கள். தோலுக்குமேல் நெருப்பு அணைந்தாலும் தோலுக்குள் சூடு தங்கி, உள்சதையை வேகவைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை இழுக்கத்தான் இத்தனை நேரம் ஊற்றுவது. ஐஸ் வைக்காதீர்கள், அது வெந்த சதையை இன்னும் கெடுக்கும். மை, பற்பசை, மாவு, முட்டை, எண்ணெய், மஞ்சள், சாணம், எதுவும் வேண்டாம். ஊற்றும்போதே வளையல், மோதிரம், மெட்டி, குழந்தையாக இருந்தால் அரைஞாண்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், கால் மணி நேரம் போனால் வீக்கம் விடாது. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள், சுற்றிக் கத்தரித்துவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். துவைத்துக் காய்ந்த வெள்ளை வேட்டியைக் கிழித்து மேலே லேசாக மூடி, உடம்பின் மற்ற பாகத்தைப் போர்த்தி, 108க்குப் போன் செய்யுங்கள்.

எந்தக் காயத்துக்கு ஆஸ்பத்திரி? உள்ளங்கை விரல்களோடு சேர்ந்து ஒருவர் உடம்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. குழந்தைக்குக் குழந்தையின் கைதான் அளவு. அந்த அளவுக்கு மேல் வெந்திருந்தாலும், முகம், கை, பாதம், மூட்டு, மர்ம ஸ்தானம் எங்கே வெந்திருந்தாலும், சின்னதென்று பார்க்காமல் அன்றைக்கே கொண்டுவாருங்கள். புகை குடித்தவர் நன்றாகத்தான் பேசுவார், சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறும், அவரையும் விடாதீர்கள். காயம் ஆறும்போது விரலை மடக்கி நீட்டச் சொல்வார்கள், வலிக்கும், அழுதுகொண்டாவது செய்யுங்கள். நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு இந்தப் பயிற்சியும் சரியாக நடக்கவில்லை.

வீட்டை விட்டுக் காட்டுக்குப் போவோம். செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடு. பங்குனி சித்திரையில் கொட்டை பொறுக்குகிற நேரத்தில் மரத்தடியில் சருகு முழங்கால் மட்டும் கிடக்கும். கொட்டை தெரிய வேண்டும் என்று சருகைக் கூட்டிக் குவிக்கிறோம், குவித்ததைக் கொளுத்துகிறோம். முந்திரிக் கொட்டைத் தோட்டில் எண்ணெய் இருக்கிறது. அதில் பிடித்தால் அடங்காது, அந்தப் புகை கண்ணையும் மூக்கையும் அறுக்கும். கொளுத்துவதற்குப் பதில் குழி வெட்டிப் போட்டு மூடினால் உரமாகும். கரும்புச் சோகையும் மக்காச்சோளத் தட்டையும் அப்படித்தான். கொளுத்தியே தீர வேண்டும் என்கிறவர்கள் சுற்றிலும் வெட்டிச் சுத்தம் செய்து, காற்று இல்லாத அதிகாலையில், தண்ணீரோடு இரண்டு ஆள் நின்று செய்யுங்கள். மத்தியானம் கொளுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவரை நான் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது பங்காளி தோட்டமும் சேர்ந்து எரிந்துகொண்டிருந்தது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

பச்சைமலையை மாசி பங்குனியில் பார்த்தவர்கள் பச்சை என்று சொல்லமாட்டார்கள். மரம் இலையுதிர்த்து, புல் காய்ந்து, மலையே வைக்கோல் போர்தான். ராத்திரியில் அடிவாரத்திலிருந்து பார்த்தால் சில நாள் மாலை போட்ட மாதிரி நெருப்பு வரிசை தெரியும். அது தானாகப் பிடிப்பது மிக அபூர்வம். மூங்கில் உரசிப் பிடிக்கிறது என்று சொல்லிப் பழியை மூங்கில் மேல் போடுகிறோம். பீடித்துண்டு, தேனெடுக்கப் போனவர் பந்தம், ஆடு மேய்க்கப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த நெருப்பு, இவைதான் காரணம். புதுப்புல் முளைக்கும், வாஸ்தவம்தான். ஆனால் கன்று மரங்கள் போய்விடும், சருகு மெத்தை போய்விடும், அடுத்த மழையில் மண் கழுவிக்கொண்டு கீழே வந்து ஏரியில் படியும். மலையில் தண்ணீர் தங்கினால்தானே நம்ம கிணற்றில் ஊறும்? வனத்தில் தீ வைப்பது 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். அது பழைய சட்டம், இன்றும் செல்லுபடியாகிறது.

மலையில் தீக்கு ஒரு குணம் உண்டு. மேட்டைப் பார்த்து ஓடும்போது அதற்கு வேகம் அதிகம், ஏனென்றால் கீழே எரிகிற சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது, பகல் காற்றும் சரிவில் மேல்நோக்கித்தான் அடிக்கும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேறப் போனவர்கள் புல் சரிவில் தீயில் மாட்டிக்கொண்டு 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். படித்தவர்கள், இளவயதுக்காரர்கள். விறகுக்கோ ஆட்டின் பின்னாலோ மலைக்குப் போகிறவர்கள் இதை ஞாபகத்தில் வையுங்கள். தீயைக் கண்டால் மேட்டுக்கு ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, பாறை, ஓடை மணல், ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம், இப்படிப் புல் இல்லாத இடத்துக்குப் போய்விடுங்கள். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். வேப்பிலைக் கொத்தை ஒடித்துக்கொண்டு தனியாளாக அணைக்கப் போகாதீர்கள்.

இனி, தீயே இல்லாமல் வெயிலே சுடுகிற கதை. இதில் முதலில் கேட்க வேண்டியவர்கள் கர்ப்பிணிகளும் அவர்கள் புருஷன்மாரும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்துப் பார்த்தார்கள். வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைகிற அபாயம், மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. 2024ல் இதை வெளியிட்டார்கள். "எங்கம்மா பிரசவத்தன்னிக்குக் கூட களை வெட்டினாங்க" என்று சொல்கிற பெரியவர்களுக்கு என்னுடைய பதில்: வெட்டினார்கள், உண்மை. எத்தனை கரு தங்கவில்லை என்று யார் கணக்கு வைத்தார்கள்?

வேலைக்குப் போகாமல் இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. காலை ஆறு மணிக்குப் போய் பத்துப் பத்தரைக்குள் கரையேறிவிடுங்கள், மீதியைச் சாயங்காலம் பாருங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர், நீர்மோர், நீராகாரம் குடியுங்கள். வெளியே மறைவிடம் இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் அநேகம் பேர். அதனால்தான் மூத்திரக் கடுப்பும் வருகிறது. மூத்திரம் மஞ்சளாக அடர்ந்து போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். புருஷன்மாரே, அந்த ஏழெட்டு மாதம் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். சைக்கிளிலோ வண்டியிலோ இரண்டு குடம் கட்டிக்கொண்டு வருவதால் யாருக்கும் மீசை கீழே விழுந்துவிடாது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கோடையிலும் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், சங்கில் கழுதைப்பால் எதுவும் வேண்டாம். "நாக்கு வறளுது, ரெண்டு சொட்டு தண்ணி விடு" என்று அப்பாயிமார் ஆசையாகச் சொல்வார்கள். பாலில் பெரும்பாகம் தண்ணீர்தான், குழந்தைக்குத் தேவையானது அதிலேயே இருக்கிறது. அடிக்கடி பால் கொடுங்கள், தாய் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். ஊற்றுகிற அந்த இரண்டு சொட்டில்தான் பேதி வருகிறது. பேதி வந்துவிட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு பொட்டலம் ஒரு லிட்டர் ஆறின தண்ணீரில். பொட்டலம் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அதிகமானால் ஆபத்து, கண்ணால் அள்ளிப் போடாதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்காதீர்கள்.

வெயிலில் வேலை செய்தவர் தலைசுற்றி உட்கார்ந்தால் நிழலும் தண்ணீரும் போதும். ஆனால் உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்ப அதிர்ச்சி, உயிர்போகிற விஷயம். பேய் அடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்க வேண்டாம். நிழலுக்குத் தூக்கிப் போய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணமும் உண்டு என்று சொல்லியிருக்கிறது. அதனால் வெயிலில் விழுந்தவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், பதிவாக வேண்டும்.

எழுந்து போன அந்தப் பெரியவர் இப்போது இல்லையென்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் கொடுக்கிற நிரோத்தையும் மாத்திரை அட்டையையும் தகரக் கூரைக்குக் கீழே, பரணில், வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள். சூட்டில் ரப்பர் கெட்டுக் கிழியும், மாத்திரையும் கெடும். மண்பானைக்குப் பக்கத்தில் நிழலான மாடத்தில் வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.

பேசி முடித்தால் யாராவது ஒரு அப்பாயி கேட்பார்கள், "எல்லாம் சரி நர்ஸம்மா, தூளிய எங்க கட்டுறது?" என்று. நல்ல கேள்வி. அடுப்புக்கு எதிர்மூலையில், வாசலுக்குப் பக்கத்தில், பகலில் முடிந்தால் வேப்பமரத்து நிழலில். பருத்திச் சேலையில் கட்டுங்கள், ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போடுங்கள், வீட்டில் இருக்கிற எல்லாரும் அந்த முடிச்சை ஒரு தடவை அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசிக்கு வருகிற தாய்மார்கள் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு போங்கள், காசு வேண்டாம்.